பொய், வீசக்கூடாது

வேலைக்கான நேர்முகம் முடிந்து நான் வெளியே வந்தபோது, ஒரு பெண் ஒரு கையில் வெள்ளைப் பிளாஸ்டர் சுருளும் மறு கையில் பேனையுமாக வாசலில் நின்றார். உள்ளே மூன்று பெரியவர்கள் முக்கால் மணி நேரமாகக் கேட்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டார்.

“உள்ளுக்கை சொன்னதெல்லாம் உண்மையோ?”

“ஓம்.”

“எனக்கு உம்மிலை நம்பிக்கையில்லை. திங்கக்கிழமை ஏழரைக்கு வாரும்.”

நியமனக் கடிதம் மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது. அதற்கிடையில் என் கோப்பையிலும் என் கதிரையிலும் நான் செருப்புக் கழற்றும் இடத்திலும் என் பெயர் எழுதிய பிளாஸ்டர் ஒட்டப்பட்டுவிட்டது. கடிதத்தைவிடப் பிளாஸ்டருக்குத்தான் அங்கே மதிப்பு என்பது போகப்போகத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடம் அது. வாசலில் நின்ற அந்தப் பெண் அங்கே மூத்த தொழில்நுட்பவியலாளர். எல்லோருக்கும் அக்கா. அவரைவிட நாலு வயது மூத்தவரான எங்கள் தலைவர், நாங்கள் சேர் என்று அழைப்பவர், அவரும்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். அக்கா கரவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அதன் பின்பக்கத்திலும் ஒரு பிளாஸ்டர் இருந்தது: ‘பிறேக் பிடிக்கும், நம்பவேண்டாம்.’

எங்கள் சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடியது. வேறு இடமென்றால் கழற்றித் திருத்தக் கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் எறிந்திருப்பார்கள். அக்கா கண்ணாடியில் ‘நாலு நிமிடம் பிந்தும்’ என்று எழுதி ஒட்டினார். அன்றிலிருந்து அது ஒழுங்கான கடிகாரம். கால் ஆடுகிற கதிரையில் ‘ஆடும், தெரிந்து இரு’ என்று இருந்தது. கேத்திலில் ‘சத்தம் போடும், கொதித்ததாக அர்த்தமில்லை’ என்று இருந்தது. உலகத்தில் எதையும், எவரையும் அவர் நம்பி நான் கண்டதில்லை. ஆனால் நம்பாத ஒன்றைத் தூக்கி வெளியே போட்டும் நான் கண்டதில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிச் சண்டையில்லாமல் இருந்தன என்பது எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

துப்புரவு வேலை பார்த்த அண்ணை ஒருவர், லாப்பில் இருந்த ஸ்பிரிட்டைத் தண்ணீர் கலந்து குடித்துப் பிடிபட்டார். சேர் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப ஆயத்தமானார். அக்கா விடவில்லை.

“இவரை அனுப்பினால் இன்னொருத்தர் வருவார். அவர் என்னத்தைக் குடிப்பாரெண்டு எங்களுக்குத் தெரியாது, சேர். இவர் எதைக் குடிப்பாரெண்டு தெரியும்.”

மறுநாள் ஸ்பிரிட் அலுமாரியின் பொறுப்பே அந்த அண்ணையிடம் வந்தது. தினமும் காலையில் அக்காவின் முன்னால் போத்தலைத் தூக்கி அளவு காட்டவேண்டும். அதற்குப் பிறகு அந்த மனிதர் அலுமாரியைக் கோயில் மூலஸ்தானம் மாதிரிக் காத்தார். பஞ்சில் நனைக்கக் கொஞ்சம் கேட்டாலும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தருவார். களவெடுத்தவர் அவர், சந்தேகம் என்மேல்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவது விளங்காது. சொன்னால் மரியாதை குறையும், பரவாயில்லை. நாங்கள் கைக்குழந்தைகளின் மலம் சேர்த்தோம். நான் பட்டம் பெற்றதும் ஊர் ஊராகப் போய் அதைக் கேட்டு வாங்கத்தான்.

குடலுக்குள் கோடானுகோடி பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நல்லவை, எங்களோடு உண்டு எங்களுக்கு உழைப்பவை. குடலின் சுவரிலிருந்து ஊறி வருகிற பிறபொருளெதிரிகள், அதாவது நோயெதிர்ப்புப் புரதங்கள், அவற்றின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குத் தாய்ப்பாலோடும் அவை வரும். பெயரிலேயே எதிரி இருப்பதால், அவை கெட்ட கிருமியைக் கண்டால் பிடித்து முடிப்பதற்கு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, குடலுக்குள் அவை நல்ல பக்டீரியாக்களையும் விடாமல் பிடிக்கின்றன. கொல்வதற்கு அல்ல. சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்தில் அவற்றை இருத்தி வைப்பதற்கு, அதே நேரம் சுவரைத் தொடவிடாமல் தள்ளி வைப்பதற்கு. எந்தக் குழந்தையில் எந்த வகை பிடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு. ஒரு சாயத்தைச் சேர்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் பிடிபட்டவை பச்சையாக மினுங்கும்.

இதை நான் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்து வீட்டில், மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்க்கு மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினேன். அந்த முதல் தடவை மட்டும் அக்காவும் கூட வந்திருந்தார். என்னைத் தனியே அனுப்ப நம்பிக்கையில்லையாம். தாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

“நல்லதெண்டால் பிறகு என்னத்துக்கு அக்கா பிடிக்கிறது?”

“நல்லது எண்டபடியால்தான் தங்கச்சி. கெட்டதெண்டால் பிடிச்சு வெளியாலை தள்ளிவிடும். நல்லதை விட்டால் அது தன்ரை பாட்டுக்கு வேறை எங்கையும் போகும், இல்லாட்டி உள்ளுக்கை பூந்து கரைச்சல் குடுக்கும். அதாலை பிடிச்சு ஒரு இடத்திலை இருத்தி வைக்கிறது.”

“என்ரை மாமியார் மாதிரி.”

“ஓம், கிட்டத்தட்ட.”

என் பட்டம் செய்யாத வேலையை மாமியார் செய்தார். அந்தத் தாய் அன்றைக்கே ஆய்வில் சேர்ந்தாள்.

அக்காவுக்கு ஒருமுறை வயிற்றோட்டம் பிடித்து மூன்று நாள் கிடந்து எழும்பினார். தனியார் மருந்தகம் ஒன்றில் ஒரு டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எந்தக் கிருமிக்கு என்று அக்கா கேட்க, எல்லாக் கிருமிக்கும்தான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்க்காமல் விழுங்கமாட்டேன் என்று அக்கா மருந்துத் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். தேநீர் நேரத்தில் அதைச் சொல்லி நாங்கள் பகிடி பண்ணினோம்.

“சிரியுங்கோ. சந்தேகம் வந்த ஆக்கள் எல்லாரையும் சுட்டால் பிறகு ஊரிலை ஆர் மிஞ்சுறது?”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யுத்த காலத்துச் சோதனைச்சாவடி வரிசைகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் நிற்காதவர் அந்த மேசையில் ஒருவரும் இல்லை. சந்தேகப்படப்படுவது எப்படியிருக்கும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகப்படுவதை மட்டும் அவர் விடவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த வருடம் என் கணவர் வெளிநாடு போய்ப் பேச்சுமூச்சில்லாமல் போயிருந்தார். நானும் ஒன்றரை வயது மகனும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தோம். குழந்தைக்கு மாதம் பூர்த்தியாகிற அன்றே மாதிரி எடுக்கவேண்டும் என்பது சேரின் சட்டம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகளின் நாளை நான் தவறவிட்டிருந்தேன். ஒருமுறை மகனுக்குக் காய்ச்சல், மறுமுறை பஸ் வரவில்லை. மூன்றாவது தவறினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சேர் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார். அவர் மரியாதையாகச் சொன்னால் அது நடக்கும்.

நீர்வேலிக் குழந்தைக்கு நாலு மாதம் பூர்த்தியான நாள் வெள்ளிக்கிழமை. நான் ஐஸ் பெட்டியோடு போய் இறங்கினேன். முற்றம் கூட்டித் தெளித்து, வீடு கழுவி, சாம்பிராணி மணத்துக்கொண்டிருந்தது. தாய் தலை முழுகி ஈரம் சொட்ட வந்தாள். அவளுக்கு நானும் அக்காதான்.

“ஐயோ அக்கா, இண்டைக்கு வெள்ளியெல்லே. வீட்டிலையிருந்து ஒண்டும் வெளியாலை குடுக்கிறேல்லை.”

“உது குடுக்கிற சாமானே, தங்கச்சி? எறியிற சாமான்தானே.”

“எறிஞ்சால் எங்கடை வளவுக்கைதானே கிடக்கும். குடுத்தால் போயிடுமெல்லே. வெள்ளிக்கிழமையிலை உப்புக்கூட ஒருத்தருக்கும் குடுக்கமாட்டம். இது பிள்ளையின்ரை உடம்பிலையிருந்து வாறது. மாமி அறிஞ்சால் என்னைக் கொல்லுவா.”

நான் மன்றாடினேன். அவள் எனக்குப் பால்தேத்தண்ணி தந்தாள். குடிக்கத் தருவதற்கு வெள்ளிக்கிழமை குறுக்கே நிற்கவில்லை. போகும்போது படலைவரை வந்து, என் முகத்தைப் பார்த்து இரங்கி, “நாளைக்கு வாங்கோ அக்கா, இரண்டாய்த் தாறன்” என்றாள். நல்ல மனம். ஆனால் நாளைக்கு எடுத்தால் சேரின் கணக்கில் நாள் பிந்திவிடும்.

நான் வெறும் போத்தலோடு என் வீட்டுக்குப் போனேன். அங்கே மகன் முற்றத்தில் தன் வேலையை அப்போதுதான் முடித்துவிட்டு எழுந்து நின்றான். அவனைப் பார்த்தேன், போத்தலைப் பார்த்தேன். இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை அக்கா போத்தலை மேசையில் வைத்துத் திறந்தார். நான் சாயத்தையும் நுணுக்குக்காட்டியையும் நினைத்துத்தான் இரவு முழுக்கப் பயந்திருந்தேன். அவர் அவ்வளவு தூரம் போகவேயில்லை.

“நாலு மாசப் பிள்ளைக்கு முருங்கையிலை வறை ஆர் தீத்தினது?”

நான் போத்தலின் மூடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

“தாய் தீத்தியிருப்பாவோ?”

“இல்லை.”

“அப்ப உது ஆற்றை?”

“என்ரை மகன்ரை.”

அக்கா மறுபடி போத்தலுக்குள் பார்த்தார். “பெடியனுக்கு இலையைச் சின்னனாய் அரிஞ்சு போடும். செமிக்காமல் அப்பிடியே வருது” என்றார். நான் அழத் தொடங்கினேன். அழுதால் விட்டுவிடுவார் என்ற நினைப்பும் அந்த அழுகையில் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டு சேர் எட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். என் வேலை அந்த நொடியில் அக்காவின் நாக்கில் இருந்தது.

“நீர்வேலிப் பிள்ளையின்ரை சாம்பிள் இந்த மாசம் இல்லை, சேர். வெள்ளிக்கிழமையெண்டு தரேல்லை. சைவ வீட்டிலை வெள்ளிக்கிழமை போய்ப் பீ கேட்ட நாங்கள்தான் விசரர். அட்டவணை போடேக்கை நான் பாத்திருக்கவேணும். என்ரை பிழை.”

சேருக்குக் கோபிக்க ஆள் கிடைக்கவில்லை. அட்டவணை போட்டதே அவர்தான். மெல்லத் திரும்பிப் போய்விட்டார். பிறகு அக்கா போத்தலை மூடினார். பிளாஸ்டரைக் கிழித்து, என் பெயரை எழுதி, அதன் கீழே நிமிர்ந்த எழுத்தில் எழுதினார்: ‘பொய், வீசக்கூடாது.’ போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரிட்ஜின் கீழ்த் தட்டில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருந்தது. அதன் திறப்புச் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. மத்தியானம் அந்தப் போத்தல் பெட்டிக்குள் போவதை நான் கண்ணால் கண்டேன்.

“இல்லையெண்டு எழுதினால் ஒண்டுதான் இல்லை. பொய் ஒண்டை உள்ளுக்கை விட்டால் எல்லாம் பொய். விளங்குதோ?”

“விளங்குது அக்கா.”

“இனி உம்மை நம்பேலாது. அந்த மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை போடும்.”

எட்டு வருடம் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் எட்டிப் பார்த்தார். திருப்பிக் கேட்டார். மறுபடி பார்க்கச் சொன்னார். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் மட்டும் எதுவும் கேட்காமல் தன் ஸ்கூட்டியில் நான் மாதிரி எடுக்கவேண்டிய வீடுகளுக்கும் சேர்த்துப் போய் வந்தார். நாள் ஒன்று முந்தினாலும் பரவாயில்லை என்று சேரைச் சம்மதிக்கவைத்து, வெள்ளிக்கிழமைகளில் வேதக்காரரான கிறிஸ்தவர் வீடுகளுக்கும் மற்ற நாள்களில் சைவ வீடுகளுக்கும் என்று அட்டவணையைத் தலைகீழாக மாற்றினார். குருநகர்த் தாய்மார் வெள்ளிக்கிழமை சந்தோஷமாகத் தந்தார்கள், ஞாயிறு பூசை நேரம் மட்டும் வராதேயுங்கோ என்றார்கள். அந்த எட்டு வருடத்தில் என் பதிவில் ஒரு பிழையும் இல்லை. ஊரில் என்னை நேர்மையான பிள்ளை என்று சொன்னார்கள். நேர்மையா, கீழ்த் தட்டா என்று எனக்கே தெரியாது.

நாலாவது வருடம் கொழும்பில் ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை சரிவந்தது. இதைவிட நல்ல இடம், மகனுக்கும் நல்ல பள்ளிக்கூடம். விலகல் கடிதத்தை எழுதி அக்காவிடம் நீட்டினேன். வாசித்தார்.

“நல்ல இடம்தான்” என்றார். கண் பிரிட்ஜின் பக்கம் போனது. போனதாக நான் நினைத்தேன்.

கொழும்புக்கு அந்தப் போத்தல் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அன்றிரவு என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கடிதம் போதும், ஒரு போன் போதும். மறுநாள் நானே கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேளாமையை நான் வெறுத்தேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தபடியே, அவர் தந்த பருத்தித்துறை வடையைத் தின்றபடியே, அவரை மாதக்கணக்கில் மனதுக்குள் திட்டினேன். நல்லதைப் பிடித்து இருத்தி வைப்பது குடலுக்குச் சரி. பிடிபட்டதிடம் யாராவது கேட்டார்களா?

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, றோல்ஸும் பால்தேத்தண்ணியும் கொடுத்து, சேர் நீளமாகப் பேசினார். ஸ்பிரிட் அண்ணை விம்மி விம்மி அழுதார். அக்கா எழுந்து, “கேத்திலைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். போகும்போது சங்கிலியிலிருந்து திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“உம்மிலை எனக்கு இப்பவும் நம்பிக்கையில்லை. இந்தாரும் திறப்பு.”

எல்லோரும் படலைக்குப் போய் ஸ்கூட்டிக்குக் கை காட்டிக்கொண்டிருக்க, நான் உள்ளே ஓடிப்போய்க் கீழ்த் தட்டுப் பெட்டியைத் திறந்தேன். போத்தல் அங்கேயே இருந்தது. பிளாஸ்டர் மஞ்சளாகியிருந்தது. என் பெயர் அழியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினேன்.

உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த வெறும் போத்தல், புதுப் போத்தல் மாதிரி மின்னியது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. அவர் கரவெட்டிக்குப் போய்ச் சேரும் நேரம்வரை அப்படியே இருந்துவிட்டு போன் எடுத்தேன்.

“அக்கா, அது வெறும் போத்தல்.”

“எது?”

“கீழ்த் தட்டிலை இருந்தது. என்ரை பேர் போட்டது.”

“ஓ, உதோ. அதை அண்டைக்கே கழுவிப்போட்டன். பீயை ஆர் எட்டு வருசம் பிரிட்ஜிலை வைச்சிருக்கிறது?”

“அப்ப ஏன் அக்கா பூட்டி வைச்சனீங்கள்?”

“போத்தலைத்தானே பூட்டினன். உம்மையே பூட்டினன்?”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. “நான் கொழும்புக்குப் போகாமல் இருந்ததே உதாலைதான், அக்கா. திறப்பு உங்கடை கழுத்திலையெல்லே கிடந்தது” என்றேன்.

மறுபக்கம் ஏதோ தாளிக்கிற ஓசை கேட்டது.

“ஓம், கிடந்தது. ஒருக்கா எண்டாலும் கேட்டனீரே?”

எட்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் திறப்பைத் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

“சரி, அழாதையும்” என்றார் அக்கா. “பிரிட்ஜைப் பூட்டினனீரோ?”

திரும்பிப் பார்த்தேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. குளிர் என் காலடிவரை வந்திருந்தது.

“பூட்டியாச்சு, அக்கா.”

“பொய்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.